தேய்ந்த முட்டியில் வேலையிடத்துக் காயம்: வைத்தியம் எதற்கு, செலவு யாருக்கு?

கல் பதிப்பவன், ஆத்தங்குடி (கேள்வி)

வணக்கம். வயது 56. ஆத்தங்குடிக் கல் பதிப்பது தொழில். கல் செய்பவர்கள் வேறு ஆட்கள். கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, சாயம் ஊற்றி, கலவை தூவி, தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது அவர்கள் வேலை. அதைத் தரையில் ரசமட்டம் பார்த்துப் பதிப்பது என் வேலை. அவர்களுக்குச் சம்மணம், எனக்கு மண்டி. மீசை முளைத்த நாளிலிருந்து மண்டியிட்டுத்தான் சோறு.

வலது முட்டி தேய்ந்திருக்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன்பே எக்ஸ்ரே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். காலையில் எழுந்ததும் சற்று நேரம் மடக்க வராது, நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். அதற்காக நான் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

சென்ற மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தரையைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதித்துக்கொண்டிருந்தோம். கையில் கற்களை அடுக்கிக்கொண்டு மண்டியிலிருந்து எழுந்தேன். காலடியில் சிமெண்ட் பால் கிடந்ததைக் கவனிக்க வழியில்லை, கல் மறைத்துக்கொண்டிருந்தது. பாதம் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று, நடுவில் முட்டி திருகிக்கொண்டது. உள்ளே 'சடக்' என்று ஒரு சத்தம். கல் ஒன்றுகூட உடையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாலைக்குள் முட்டிச்சில்லு எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

இப்போது வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. படி இறங்கும்போது உள்பக்கத்தில் குத்துகிறது. சமதரையில் நடக்கும்போதே சில நேரம் முட்டி பிடிப்பில்லாமல் விட்டுவிடுகிறது. குத்தவைத்து உட்கார முடியாததால் கழிப்பறைக்குப் போவதே பெரும்பாடாக இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஓட்டை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றார். இன்னொருவர், அது வீண் செலவு, முட்டியையே மாற்றிவிடுங்கள் என்றார். மருந்துக்கடையில் பொட்டலத்தில் மாத்திரை தருகிறார்கள், போட்டால் வலி இருந்த இடம் தெரிவதில்லை. மாமியார் வீட்டில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் தயாராக இருக்கிறது. ஒப்பந்தக்காரர் முதல் நாள் ஆட்டோவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் பணம் கொடுத்தார். இப்போது போன் செய்தால், "உங்கள் முட்டி முன்பே போனதுதானே அண்ணே, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார்.

பழைய தேய்மானத்துக்கு வைத்தியம் பார்ப்பதா, புதுக் காயத்துக்கா? மறுபடி மண்டியிட முடியுமா? ஒப்பந்தக்காரர் பேச்சில் நியாயம் இருக்கிறதா? கூடவே ஒன்று: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பது என் வழக்கம். வீட்டில் இப்போதே தடை போட்டுவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட், தேவகோட்டை

அண்ணே, முதலில் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் நிற்கிறதா? நாலு அடிகூட ஊன்றி வைக்க முடியவில்லையா? முட்டி சிவந்து சூடேறிக் காய்ச்சல் அடிக்கிறதா? கெண்டைக்கால் வீங்கி இறுகி வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சர்க்கரை உள்ளவருக்கு மூட்டுக்குள் கிருமி புகுந்தால் ஒரு நாள் தாமதம்கூட ஆகாது.

எதுவும் இல்லையென்றால், இப்போது வைத்தியம் புதுக் காயத்துக்குத்தான். தேய்மானம் பல ஆண்டுகளாக உங்களோடு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் மண்டியிட்டீர்கள், பழனிக்கும் நடந்தீர்கள். சறுக்கிய பிறகு வந்த வீக்கமும் குத்தலும் நழுவலும்தான் புதியவை. முட்டியை இருபது வயதுக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது. சறுக்கியதற்கு முந்தின நாள் நிலைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் முடியும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்ததுமே மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவது எங்கள் துறையில் உள்ள ஒரு கெட்ட பழக்கம். உங்களை மேசையில் படுக்கவைத்து, காலை இழுத்தும் தள்ளியும், எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களைக் கையால் சோதித்தார்களா? இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எம்.ஆர்.ஐ. விஷயத்துக்கு வருகிறேன். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்து ஆட்களில் ஐம்பதைத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் வரிசையாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஜவ்வு, அதாவது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ், கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தின ஒரு மாதத்தில் முட்டியில் வலியே இல்லை. உங்கள் கிழிசல் அன்றைக்கு வந்ததா, பல ஆண்டுகளாக அங்கேயே கிடந்ததா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

அதனால்தான் ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு, அதாவது ஆர்த்ராஸ்கோப்பிக்கு, உடனே தலையாட்டாதீர்கள். 2002இல் ஹூஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், தேய்மான முட்டி உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். உள்ளே எதையும் தொடவில்லை. உண்மையாகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அவர்களைவிட வலி குறையவில்லை, இரண்டு ஆண்டு பார்த்தும். 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், தேய்மான முட்டி உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் இது வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. கிழிந்த துண்டு இடுக்கில் மாட்டி முட்டி பூட்டிக்கொண்டால் நிலைமை வேறு, அப்போது அறுவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முட்டி விட்டுவிடுகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால், தொடையின் முன்தசையை இயக்கும் நரம்புக் கட்டளையே மங்கிவிடும். தசை சில வாரங்களில் இளைத்துப்போகும். பிடிப்பு இல்லாத முட்டி நழுவத்தான் செய்யும். உங்கள் பையில் டேப் இருக்கும். முட்டிச்சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். வித்தியாசத்தை இங்கே எழுதுங்கள்.

வீக்கம் வடிய: துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுப்பது, தலையணைமேல் காலை உயர்த்திப் படுப்பது, பகலில் மட்டும் கிரேப் பேண்டேஜ். சூடாக இருக்கும் முட்டியில் எண்ணெய் போட்டு ஊன்றி நீவ விடாதீர்கள். தசைக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பிறகு படுத்த நிலையில், முட்டி மடங்காமல் காலை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். 'தொப்'பென்று போட்டால் பலன் பாதிதான். உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது அடுத்த கட்டம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். அந்த வலி மறுநாள் காலையிலும் நின்றால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தடியை இடது கையில் பிடியுங்கள், வலது முட்டிக்கு அதுதான் தாங்கும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே.

மருந்து பற்றி: தோலில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தொடங்கலாம். வாய்வழி வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் ரத்த அழுத்தத்தையும் தொடும். உங்கள் சர்க்கரை வைத்தியரைக் கேட்காமல் போடாதீர்கள். பெயர் இல்லாத பொட்டலத்தைத் தூக்கி எறியுங்கள். ஒரே வேளையில் மாயமாக வேலை செய்யும் பொட்டலத்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சூப்பைக் குடியுங்கள், ருசியாக இருக்கும், முட்டிக்கு அதை நம்பாதீர்கள்.

பலகாரம் சுடுபவள், கோட்டையூர்

உங்கள் தங்கை எனக்கும் அதே கதைதான் அண்ணன். மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று நாள் முழுக்க அடுப்படியில் குந்தியே காலம் போய்விட்டது. முட்டி தேய்ந்திருந்தது. எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது திரும்பியதில் பிடித்துக்கொண்டு வீங்கிவிட்டது.

கல்யாணச் சீசன் என்பதால் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது, சில வாரம் சொர்க்கமாக இருந்தது. ஆனால் ஊசி போட்ட மறுநாளிலிருந்து சர்க்கரை ஏறி நின்றது, இறங்கச் சில நாட்கள் ஆயின. சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி ஏறும் என்று முன்பே சொல்லியிருந்தால் மாத்திரை அளவைக் கேட்டு வைத்திருப்பேன். வலி திரும்பி வந்ததும் அடுத்த ஊசி கேட்டேன். மருத்துவர் அம்மா மறுத்துவிட்டார். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு இன்னும் கரையும், பின்னால் முட்டி மாற்ற நேர்ந்தால் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும் என்றார்.

எனக்கு உண்மையில் உதவியது, அடுப்பை மேடைமேல் ஏற்றியது. குந்துவது நின்றது, பாதி நோவு நின்றது. கழிப்பறைக்கு, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறார்கள். அதை வாங்கிப் போடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நான் தள்ளிப்போட்டதில் பயன் ஒன்றும் இல்லை. பொட்டல மாத்திரை பற்றி அந்த பிசியோ தம்பி சொல்வது சத்தியம். என் அக்கா அதை மாதக்கணக்கில் விழுங்கி, முகம் உப்பி, ஆளே அடையாளம் தெரியாமல் போனாள்.

தொழிற்சங்கக்காரர், சிவகங்கை

மருத்துவம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தோழர், உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்ன வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முதுகு போனால் 'முன்பே போன முதுகு', முட்டி போனால் 'முன்பே போன முட்டி'. வேலைக்கு எடுக்கும்போது மட்டும் அந்த முட்டி நல்ல முட்டி.

சட்டம் கேட்பது ஒன்றுதான்: வேலையினால், வேலையின்போது நேர்ந்த விபத்தா? ஏற்கெனவே இருந்த நோயை வேலை தூண்டிவிட்டாலும் மோசமாக்கினாலும், வேலையின் பங்கு அதில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் இழப்பீடு கேட்க வழி உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது, இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. தற்காலிக முடக்கத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். காயத்துக்கு ஆன மருத்துவச் செலவு தனி. கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம். அதற்காக ஆறப்போடாதீர்கள், சாட்சிகள் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்.

பிசியோ சொன்னதுபோல ஸ்கேன் படம் தேதி சொல்லாது. உங்கள் கூலி நோட்டு சொல்லும். சறுக்கிய நாள்வரை ஒரு முறைகூட விடாமல் வேலைக்குப் போன கணக்கு அதில் இருக்கிறதல்லவா? அது பெரிய ஆதாரம். பழைய எக்ஸ்ரேயை ஒளித்து வைக்காதீர்கள். அதையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தேய்மானத்தை மறைத்து மாட்டிக்கொண்டால் உண்மையான காயமும் பொய்யாகிவிடும்.

முதல் நாள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'முட்டி வலி' என்று மட்டும் இருந்தால் ஆபத்து. அரசு மருத்துவமனைக்குப் போய், எந்த நாள், எந்த வேலையில், எப்படிச் சறுக்கியது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரருக்கு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அவர் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். ஆட்டோவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் அவர் பணம் கொடுத்ததை மறக்காமல் குறிப்பிடுங்கள், விபத்து அவருக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? புதுப்பித்திருக்கிறீர்களா?

கல் பதிப்பவன், ஆத்தங்குடி

எல்லாருக்கும் நன்றி. பிசியோ தம்பி, அளந்து பார்த்தேன். வலது தொடை ஓர் அங்குலத்துக்கு மேல் இளைத்திருக்கிறது. அளவு பார்த்தே பிழைக்கிறவன், இதை என் கண் பிடிக்கவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. பூட்டிக்கொள்ளவில்லை, காய்ச்சலும் இல்லை. துண்டை அழுத்தும் பயிற்சி எளிது என்று நினைத்தேன், தொடை நடுங்குகிறது.

தோழருக்கு: வாரிய அட்டை இருக்கிறது, புதுப்பித்தும் இருக்கிறேன். முதல் நாள் சீட்டில் நீங்கள் பயந்ததுபோலவே 'வலது முட்டி வலி' என்று மட்டும்தான் இருக்கிறது. கூலி நோட்டு பத்திரமாக இருக்கிறது. ஒரு சங்கடம், அந்த ஒப்பந்தக்காரர் பங்காளி முறை. அவருக்கு நோட்டீஸ் அனுப்பினால் ஊரில் என்ன பேசுவார்கள்? தவிர, அடுத்த வேலைக்கு அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்?

தங்கச்சி, அந்த நாற்காலியை இன்றைக்கே வாங்கிவிட்டேன்.

மண்டி பற்றியும் முட்டி மாற்றுவது பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

தொழிற்சங்கக்காரர், சிவகங்கை

பங்காளி என்றால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு. மருத்துவச் செலவையும் வேலை இல்லாத நாட்களின் பங்கையும் அவர் ஒப்புக்கொண்டால் எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். ஆனால் பேச்சுக்குப் போவதற்கு முன்பே விபத்துப் பதிவேடு முடிந்திருக்க வேண்டும். அவர் தொழிலாளர்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் பணம் அவர் பையிலிருந்து போகப்போவதும் இல்லை. பலருக்கு அது தெரியாமல்தான் முறுக்கிக்கொள்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட், தேவகோட்டை

ஓர் அங்குலம் என்றால் நழுவலுக்குக் காரணம் பாதி கிடைத்துவிட்டது. தசைநார்ச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊருக்குள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

முட்டி மாற்றுவது: இப்போது அதற்கு அவசியம் தெரியவில்லை. சறுக்குவதற்கு முன்பு முழு நாள் வேலை பார்த்த முட்டி அது. நாளைக்கு ராத்திரித் தூக்கம் கெட்டு, நடை சுருங்கி, பயிற்சிக்கும் மருந்துக்கும் அடங்காமல் போனால் அப்போது யோசிக்கலாம். 2017 ஆகஸ்டில் செயற்கை முட்டிக்கு மத்திய அரசு உச்சவிலை வைத்துவிட்டது, முதலமைச்சர் காப்பீட்டிலும் வழி இருக்கிறது, ஆகவே பணத்துக்காகப் பயப்பட வேண்டாம். மாற்றிய முட்டியில் பலருக்கு மண்டியிடச் சௌகரியப்படுவதில்லை. கல் பதிக்கத் திரும்புவதற்காக முட்டியை மாற்றுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மண்டி: வீக்கம் முழுதாக வடிந்து, தொடை அளவு சமமாகி, ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழ முடிகிற வரை கிடையாது. அதற்குள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் கல்லைப் பிரித்து அடுக்குவது, நூல் பிடிப்பது, மட்டம் பார்ப்பது, பையன்களை மேய்ப்பது. மண்டிக்குத் திரும்பும்போது தடித்த ரப்பர் முட்டிப் பட்டை இல்லாமல் தரையைத் தொடாதீர்கள். முட்டிச்சில்லின் முன்னே உள்ள நீர்ப்பை உரசி வீங்குவது உங்கள் தொழிலின் தனி நோய், அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாம். வரிசைக்கு வரிசை எழுந்து நாலு நடை நடங்கள். கல்லை நீங்களே சுமந்துகொண்டு மண்டியிலிருந்து எழும் வழக்கம் இனி வேண்டாம், சித்தாள் கையில் வாங்குங்கள்.

பழனி: இந்தத் தைக்கு வீட்டார் சொல்வதைக் கேளுங்கள்.

கல் பதிப்பவன், ஆத்தங்குடி

சரி தம்பி. பழனிக்குப் பஸ்ஸில் போகிறேன், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். திங்கட்கிழமை காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே, கூலி நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பங்காளியைப் பார்க்க என் சின்ன மாமனார் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் நோட்டீஸே தேவைப்படாது.

ரப்பர் முட்டிப் பட்டை காரைக்குடியில் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? ஹார்டுவேர் கடையில் கேட்டேன், கிரிக்கெட்டுக்கா என்றார்கள்.